நிறை இழப்பின் மூலம் உலோகக் கார்பனேட்டை அறிதல்

பெயர் தெரியாத ஓர் உலோகக் கார்பனேட்டு அமிலத்துடன் வினைபுரியும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி நிறை குறைகிறது. அந்தக் குறைவைக் கொண்டு உலோகத்தை அறிவதே நிறை இழப்பு முறை ஆகும். இசுக்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆய்வில், வெண்மக்னீசியாவைச் சூடாக்கும்போது குறையும் எடைக்குப் பெரும்பாலும் அதிலிருந்து வெளியேறும் வாயுவே காரணம் எனக் காட்டினார். ஆனால் சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் பன்சன் சுடரில் சிதைவதில்லை. எனவே பள்ளி ஆய்வகத்துக்கு அமில முறையே ஏற்றது.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. அளவு 2 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் எடுத்து எடை பார்க்க வேண்டும். பிறகு 2.00 கிராம் மாதிரியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வாயில் தளர்வாகப் பஞ்சு வைக்க வேண்டும். பஞ்சு இல்லாவிட்டால் அமிலத் துளிகள் தெறித்து வெளியேறும். அதுவும் இழப்பாகவே கணக்கில் சேரும். பஞ்சையும் முதலிலேயே சேர்த்து எடைபோட மறக்கக்கூடாது.

இழப்பு 0.88 கிராம் எனக் கொள்வோம். கார்பன் டைஆக்சைடின் மோலார் நிறை 44 கிராம். ஆகவே வெளியேறியது 0.020 மோல், கார்பனேட்டும் அதே அளவு. 2.00-ஐ 0.020-ஆல் வகுத்தால் 100. இதில் கார்பனேட்டுப் பகுதியின் 60-ஐக் கழித்தால் எஞ்சுவது 40. ஈரிணைதிற உலோகம் என்றால் அது கால்சியம். ஓரிணைதிறம் என்றால் இரண்டு அணுக்கள், ஒவ்வொன்றும் 20. அப்படி ஓர் உலோகம் இல்லை.

கணக்கு எளிது, ஏமாற்றம் அளவீட்டில்தான் உள்ளது. சோடியம் கார்பனேட்டின் மோலார் நிறை 106, அதே 2.00 கிராமுக்கு இழப்பு 0.83 கிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.05 கிராம் மட்டுமே. ஆனால் 25 பாகை செல்சியசில் 50 மி.லி. நீரில் ஏறத்தாழ 0.07 கிராம் கார்பன் டைஆக்சைடு கரையும். போதாக்குறைக்கு, குடுவையின் வெற்றிடத்தில் தங்கும் வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் மேலும் 0.1 கிராம் அளவுக்கு இழப்பு குறைந்து தெரியலாம். கால்சியத்தைச் சோடியம் என எழுதிவிட இவற்றில் ஒன்றே போதும்!

எனவே அமிலத்தில் முன்கூட்டியே சிறிது கார்பனேட்டைப் போட்டு வாயுவால் நிறைவுறச் செய்துவிட்டு எடைபோடத் தொடங்குவது நல்லது. வினை முடிந்ததும் குடுவையைச் சுழற்றி, உள்ளிருக்கும் கன வாயுவைக் காற்றூதி அகற்ற வேண்டும். அப்போதும் ஐயம் இருந்தால் சுடர் சோதனை தீர்த்துவைக்கும்: கால்சியம் செங்கல் சிவப்பு, சோடியம் பொன்மஞ்சள்.

மாதிரி உலர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். சலவைச் சோடாவில் பத்து நீர் மூலக்கூறுகள் உள்ளதால் அதன் மோலார் நிறை 286. அதன் 2.00 கிராம் தருவது 0.31 கிராம் வாயுதான்.