உங்களுக்குத் தெரியுமா? கார் பெயின்ட்டுக்குள் இத்தனை அதிசயமா!

காரின் மொத்த பெயின்ட்டும் எவ்வளவு தடிமன்? சுமார் 0.1 மில்லிமீட்டர்தான்! அதற்குள் நான்கு அடுக்குகள்!

அதில் நிறம் தரும் அடுக்கு ஏறக்குறைய 15 மைக்ரான்! உங்கள் தலைமுடியே அதைவிட நாலைந்து மடங்கு தடிமன்!

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். மாட்டவில்லையா? காயம் மேலே உள்ள கிளியர் கோட்டிங்கோடு சரி. கம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போதும். பெயின்ட்டே வேண்டாம்!

புது வண்டியிலேயே கீறல் விழுமா? ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டு சட்டமன்றத் தொகுதிக்குள்தான் காணிப்பாக்கம் இருக்கிறது! புது வண்டிகள் பூஜைக்கு வந்து நிற்கும் பிள்ளையார் கோயில். பானட்டில் காய்ந்த சந்தனத்தை வறட்டுத் துணியால் துடைத்தால் அன்றைக்கே முதல் கீறல்! தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள்!

சித்தூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் மாந்தோப்பு. நிழலுக்கு மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? மாம்பால் தோலையே புண்ணாக்கும்! பெயின்ட்டில் சொட்டி வெயிலில் இறுகினால் தழும்பே விழும்!

நகம் மாட்டும் கீறலா? அதற்குப் பெயின்ட் வேண்டும். "வெள்ளை கொடுங்க" என்று மட்டும் கேட்டு டச்சப் பெயின்ட் வாங்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள்! கலர் நம்பர் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ இருக்கும்!

ஃபோர்டு மாடல் டி வாங்கியவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. 1914 முதல் 1925 வரை ஒரே நிறம், கறுப்பு!

வழவழப்பான இடத்தில் புது பெயின்ட் பிடிக்காது. வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒரு கீறலை மறைக்க ஆயிரக்கணக்கான குட்டிக் கீறல்கள்!

ஸ்ப்ரே கேனை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நெருங்கினால் வழியும். ரொம்ப விலகினால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும்!

மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டினால் ஓரத்தில் கோடு விழும். பாதியை மடித்து விளிம்பைத் தூக்கி விடுங்கள். கோடே தெரியாது!

ஒட்டுப் போட்டது தெரியாமல் மறைப்பது எப்படி? ஒவ்வொரு கோட்டிங்கையும் முந்தையதைவிடச் சற்று அகலமாக அடித்து, ஓரத்தில் மெலிந்து கரைய விட வேண்டும். பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது? கண்ணுக்குச் சிக்காது!

மெட்டாலிக் நிறத்தில் மினுக்குவது அலுமினியத் துகள்! அது படியும் வாகு மாறினால் நிறமே மாறித் தெரியும். அதனால் அடிபட்டது ஒரு கதவு என்றாலும் கைதேர்ந்த பெயின்டர் பக்கத்துக் கதவுவரை நிறத்தைக் கரைத்துக் கொண்டுபோவார்!

பிளாஸ்டிக் பம்பரில் பெயின்ட் நேராக ஒட்டாது. அதற்கென்றே தனி ப்ரைமர் இருக்கிறது!

ஹார்ட்னர் கலந்த 2கே கிளியரில் இருப்பது ஐசோசயனேட். ஆஸ்துமாவையே வரவழைக்கும்! துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அந்த வேலையை மட்டும் பட்டறைக்கு விடுங்கள்!

திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு பிக்கப்புகள் தயாராகின்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் பெயின்ட்டை இறுக வைப்பது ராட்சத அடுப்பு. சூடு சுமார் 140 டிகிரி!

வீட்டில் அந்த அடுப்பு ஏது? கையில் ஒட்டாமல் காய ஒரு மணி நேரம் போதும். உள்ளே முழுசாக இறுக? ஏறக்குறைய 30 நாள்! அதுவரை வாக்ஸ் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்!