வேலை தேடிய காலம் (6): பொழுது போகாத ஊர்

1929-ம் வருஷத்து மந்தம் ஆலைக் கதவுகளை எவ்விதம் ஒவ்வொன்றாகச் சாத்திற்று என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்லப்போவதில்லை. இவ்வாரம் நியூயார்க் தெருமுனைகளில் ஆப்பிள் விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் மரியந்தால் என்னும் ஆஸ்திரியக் கிராமம் வந்து என் மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டுவிட்டது. பத்திராதிபரோ கெடுவை ஒரு நாள்கூடத் தள்ள மறுக்கிறார்.

வியன்னாவுக்குச் சமீபத்திலுள்ள அவ்வூருக்கு ஜீவாதாரம் ஒரே ஒரு ஜவுளி ஆலை. அது படிப்படியாக ஓய்ந்து 1930 தொடக்கத்தில் அடியோடு நின்றுபோகவே, 478 குடும்பங்களில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் உதவித்தொகையை எதிர்நோக்கும் நிலையை அடைந்தன. 1931-ம் வருஷக் கடைசியில் பால் லாசர்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் சைஸல் முதலிய இளம் ஆராய்ச்சியாளர்களின் கோஷ்டி அங்கே போய்ச் சேர்ந்தது. தொழிலாளர் தங்கள் ஓய்வு நேரத்தை எவ்விதம் கழிக்கிறார்கள் என்று ஆராயவே லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் விரும்பினார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடுகையில் ஓய்வைப் பற்றியா ஆராய்ச்சி என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பௌவர் கடிந்துகொண்டு திசை திருப்பினாராம். வேடிக்கை என்னவென்றால், சுற்றி வளைத்து லாசர்ஸ்ஃபெல்ட் ஓய்வையே ஆராயும்படி ஆயிற்று.

அவர்கள் வெறுங்கையோடு கேள்வி கேட்கப் போகவில்லை. துணிமணி வழங்கினார்கள், வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்தார்கள், பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார்கள்.

இனி, என்னை இவ்வாரம் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அவ்வூரில் தொழிலாளர்களுக்கென்று ஒரு நூல் நிலையம் இருந்தது. ஆலை ஓடிய நாட்களில், பகல் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், கட்டணமும் செலுத்திப் புஸ்தகம் எடுத்துப் போய்ப் படித்தார்கள். ஆலை மூடியது, கட்டணமும் ரத்தாயிற்று, பொழுதோ மலைபோல் முன்னே கிடந்தது. கையில் காசில்லாதவனுக்குப் படிப்பாவது மிஞ்சும் என்றுதான் நம்மில் எவரும் ஊகிப்போம். நடந்தது நேர்மாறு: 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுத்துச் செல்லப்பட்ட புஸ்தகங்களின் எண்ணிக்கை 48.7 சதவீதம் குறைந்துபோயிற்று! இலவசமாய்க் கிடைத்த புஸ்தகத்தையும் இலவசமாய்க் கிடைத்த பொழுதையும் ஒன்றுசேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. உழைப்பு இருக்கும்வரைதான் ஓய்வும் இருக்கிறது என்பதை, சோம்பேறிகள் என்று வேலையற்றோரைத் தூற்றும் கனவான்கள் கொஞ்சம் சிந்திக்கலாம்.

ஆராய்ச்சியாளர்கள் ஜன்னலுக்குப் பின் மறைந்திருந்து, வீதியில் போவோர் வருவோரின் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டிருந்தார்கள். பெண்கள் விரைந்து போனார்கள். அடுப்பும் குழந்தையும் கிழிந்த துணியும் அவர்களை விட்டபாடில்லையே! அன்றைய பொழுதை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, எழுந்தது, உண்டது, உறங்கியது என்பவற்றுக்கு மேல் எழுத ஆண்களுக்கு விசேஷமாக ஒன்றும் அகப்படவில்லை.

இவர்கள் முயலாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் எழுதி, ஒன்றுக்கும் பதில் வராமல் ஓய்ந்துபோனவனும் அவ்வூரில் இருந்தான். மறுப்புக் கடிதமாவது வந்திருந்தால், வேறெங்காவது முயல்வோம் என்ற ரோஷம் பிறந்திருக்கக்கூடும். பதிலே இல்லாத மௌனத்தோடு யார்தான் வழக்காடுவது?

ஆராய்ச்சி 1933-ல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளிவந்தது. அதற்குள் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்துவிட்டான். யஹோடா 1936-ல் ஆஸ்திரியாவில் சிறைப்பட்டு, விடுதலையான பின் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மையாரின் சரித்திரம் தனியாகவே எழுதத் தக்கது. ஆனால் ஆப்பிள்காரர்கள் காத்திருக்கிறார்கள்; கையில் முதலில்லாத அவர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கடனுக்குப் பழம் கொடுத்தவர்கள் யார், கொடுத்ததில் தர்மம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பதை அடுத்த வாரம் நிச்சயமாகப் பார்ப்போம்.