திறவுகோல் என்னிடம் இல்லை

எங்கள் கழக ஆண்டிதழுக்கு வரும் படைப்புகள் புலனக் குழுவில்தான் குவியும். யார் எழுதியதை யார் படித்தார், யார் வேறொருவருக்கு அனுப்பினார் என்ற கணக்கே இருக்காது. முதலாமாண்டுத் தங்கை ஒருவர், "அண்ணா, இந்தக் கதை எங்க வீட்டைப் பற்றியது. ஆசிரியர் குழு தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது" என்றபோதுதான், உரை பகிரும் சேவை ஒன்றை நாமே நிறுவினால் என்ன என்று தோன்றியது.

நான் தேர்ந்தெடுத்தது பிரைவேட்பின் என்ற திறந்த மூல மென்பொருள். வாடகைக்கு எடுத்த சிறிய டெபியன் லினக்ஸ் வழங்கி ஒன்றில் எஞ்சின்எக்ஸ், பிஎச்பி இரண்டும் இருந்தால் போதும். தரவுத்தளம் கட்டாயமில்லை, உரைகளைக் கோப்புகளாகவே சேமித்துவைக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளியில் கணினியை மலாய் மொழியில் கற்றவன் நான். நிறுவல் குறிப்போ ஆங்கிலத்தில். ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

பக்கம் திறந்தது, உரையைச் சேமித்தால் பிழை வந்தது. காரணம் எளிது. கோப்புறையை நிர்வாகக் கணக்கில் உருவாக்கியிருந்தேன். பிஎச்பி இயங்கும் கணக்குக்கு அதில் எழுத அனுமதியில்லை. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவது சோம்பேறி வழி. தரவுக் கோப்புறையின் உரிமையை மட்டும் அந்தக் கணக்குக்கு மாற்றினேன். அமைப்புக் கோப்புகளையும் தரவையும் இணையத்தில் தெரியும் கோப்புறைக்கு வெளியே நகர்த்தினேன். பாதுகாப்புச் சான்றிதழும் அவசியம். பாதுகாப்பற்ற பக்கத்தில் உலாவிகள் மறையாக்க வசதியைத் தருவதில்லை.

இந்த மென்பொருளின் சிறப்பே அந்த மறையாக்கம்தான். நாம் எழுதியது நம் உலாவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் வழங்கிக்குப் போகிறது. திறவுகோல், இணைப்பு முகவரியில் # குறிக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் குறிக்குப் பின்னுள்ளதை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே வழங்கியை நடத்தும் எனக்கும் உரை தெரியாது. ஆனால், பூட்டும் நிரலை அனுப்புவதும் அதே வழங்கிதான். நடத்துபவர் நினைத்தால் அதை மாற்றிவிடலாம். முகம் தெரியாதவரின் வழங்கியை நம்பாமல் நாமே நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தங்கை கதையை நேரே பெட்டியில் தட்டச்சு செய்து, இணைப்பைக் கையால் குறித்துக்கொண்டு, பக்கத்தை மூடிவிட்டார். குறித்தது # வரை மட்டும்.

"உங்க வழங்கிதானே அண்ணா, எடுத்துக் கொடுங்க."

கோப்பைத் திறந்து காட்டினேன். பொருளற்ற எழுத்துகள். வேறு படியும் அவரிடம் இல்லை. இயல்பமைப்பின்படி ஒரு வாரத்தில் அந்தக் கோப்பும் காலாவதியானது.

அவர் மூன்று நாளில் மீண்டும் எழுதினார். முதலில் எழுதியதில் அப்பா பேசுவதாக ஒரு பகுதி இருந்ததாம். இரண்டாவதில் அது வரவில்லை என்றார். நாங்கள் அச்சிட்டிருப்பது இரண்டாவதுதான்.

இப்போது காலாவதியை ஒரு மாதமாக மாற்றியிருக்கிறேன். பெட்டிக்கு மேலே ஓர் அறிவிப்பும் வைத்திருக்கிறேன்: "படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை முழுதாக நகலெடுங்கள். தொலைத்தால் எங்களாலும் மீட்க முடியாது."