மார்கழியில் ஒரு டென்னிஸ் போட்டி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன விழாக் காலம். அன்று காலை கடல் கரையேறி வந்ததைக் குமராட்சிப் பகுதியினருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கிள்ளை, பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் ஆகிய ஊர்களில் உறவோ பழக்கமோ இல்லாத குடும்பம் இங்கே அரிது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சரியாக 14 நாள் கழித்து, 2005 ஜனவரி 9 அன்று, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் இறுதியாட்டம் நடைபெற்றது.

துயரம் ஆறாத அந்நாளில் விளையாட்டு எதற்கு என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் தாய்லாந்து நாட்டவரான பாரடோர்ன் ஸ்ரீசபன். அவருடைய நாட்டின் கரையையும் அதே அலைதான் தாக்கியிருந்தது. மற்றவர் ஸ்பெயின் நாட்டு கார்லோஸ் மோயா. 1998இல் பிரெஞ்சு ஓப்பன் பட்டம் வென்றவர், 1999இல் சில நாள் உலகின் முதல் இடத்தில் இருந்தவர். முதல் செட்டை 3-6 என இழந்த மோயா, அடுத்ததை 6-4 என வென்றார். மூன்றாவது செட் டை-பிரேக்கர் வரை சென்றது. மோயா 7-6 என முடித்தார். வென்ற கையோடு தமது பரிசுத் தொகையைச் சுனாமி நிவாரணத்துக்கு அளித்தார். இழப்பின் அளவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. எனினும் இங்குள்ள கடற்கரைக் கிராமங்களின் பெயர்களைக் கேட்டறியாத ஒருவர், ஒரு வார உழைப்பின் பயனை அவற்றுக்கென ஒதுக்கினார் என்பதை நம் மாவட்டத்தார் அறிந்திருப்பது நன்று.

டென்னிஸ் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில சொற்கள். அந்த ஆண்டுகளில் சென்னைப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் 32 பேர் இறங்குவர். ஒருமுறை தோற்றவர் அத்துடன் வெளியேறுவார். பட்டம் பெற ஒரே வாரத்தில் ஐந்து பேரை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். மூன்று செட்களில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். கால அளவு கிடையாது; ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்திலும் முடியலாம், நான்கு மணி நேரத்தையும் நெருங்கலாம். எவ்வளவு நீண்டாலும் மறுநாள் ஆட்டம் காத்திருக்கும். உடலின் தாங்கு திறனுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு குறைவு என்றே கூறலாம்.

1997 முதல் 2017 வரை இப்போட்டி சென்னையில் நடைபெற்றது. ஆடுகளம், 1995ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. ஆண்டின் முதல் வாரத்தில், அதாவது நம் கணக்கில் மார்கழி முடியும் தறுவாயில், உலகின் முன்னணி வீரர்கள் அங்கு வந்து சேர்வார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வென்றார். ரஃபேல் நடாலோ இரட்டையர் பட்டத்தை 2004இல் பெற்றாரேயன்றி, ஒற்றையர் பட்டத்தை ஒருமுறையும் பெறவில்லை.

அதற்கு மிக அருகில் அவர் வந்தது 2008இல். அந்தக் கதையைத்தான் நம் உள்நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 5, சனிக்கிழமை இரவு அரையிறுதி. நடாலுக்கு எதிரே நின்றவர் அதே மோயா. இருவரும் மயோர்க்கா என்னும் ஒரே தீவைச் சேர்ந்தவர்கள், மூத்தவர் மோயா. முதல் செட் டை-பிரேக்கரில் மோயாவுக்கு. இரண்டாவதும் டை-பிரேக்கர். அதில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை மோயாவுக்கு நான்கு முறை வாய்த்தது; நான்கு முறையும் நடால் தப்பினார். மூன்றாவதும் டை-பிரேக்கர். நடால் வென்று வெளியேறியபோது 3 மணி 54 நிமிடம் கடந்திருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். எதிரே ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி. முடிவு 6-0, 6-1. தோற்றவர் நடால். முந்தைய இரவு எந்தப் பந்தையும் விடாமல் துரத்திய கால்கள், அன்று அசைய மறுத்தன. 21 வயது இளைஞர், உலகின் இரண்டாம் நிலை வீரர், மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருந்தும் ஒரே ஒரு கேமுக்கு மேல் எடுக்க முடியவில்லை.

இதில் வியப்பில்லை. தசைகள் உழைப்புக்கென ஒரு வகை மாவுச் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கின்றன. நீண்ட கடும் உழைப்பில் அது கரைந்துவிடும். நன்றாக உண்டாலும் மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். நுண்ணிய தசைநார்களில் ஏற்பட்ட சிதைவு சீராக அதனினும் கூடுதல் நாட்கள் வேண்டும். மன உறுதி இக்கணக்கை மாற்றுவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளே “எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள், வயலைப் பார்க்க வேண்டும்” என்று கேட்கும் பெரியவர்களையும், காய்ச்சல் விட்ட மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் துடிக்கும் பெற்றோரையும் எந்த மருத்துவமனையிலும் காணலாம். அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். நடால் அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், பீஜிங் ஒலிம்பிக் தங்கம் மூன்றையும் வென்றார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2016 டிசம்பரில் அவர் தம் பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டவர் மோயா.

தசைப்பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையின் ஈரக் காற்றில் ஐரோப்பிய வீரர்கள் பலர் கால் பிடித்து நின்றதுண்டு. காயமடைந்தவருக்கு மூன்று நிமிட மருத்துவ இடைவேளை உண்டு. ஆனால் தசைப்பிடிப்புக்கு அது கிடையாது. பக்கம் மாறும்போது கிடைக்கும் 90 வினாடி ஓய்வில் மட்டுமே சிகிச்சை பெறலாம். இரக்கமற்ற விதியாகத் தோன்றினாலும், உடலை ஆயத்தம் செய்து வருவது வீரரின் பொறுப்பு என்பதே அதன் கருத்து. நாற்காலியில் அமர்ந்தவுடன் அவர்கள் செய்வதைத் தொலைக்காட்சியில் கவனியுங்கள்: ஈரத் துணி கழுத்தில், சிறு சிறு மிடறாக நீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், ஒரு வாழைப்பழம்.

பங்குனி வெயிலில் உளுந்துச் செடி பிடுங்குவோருக்கும் இது பொருந்தும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் பருக வேண்டும். நீராகாரம், உப்பிட்ட மோர், இளநீர் எல்லாம் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பயன்படுத்தினால் உறையில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்; பாதிப் பொட்டலத்தைத் தோராயமாகக் கலப்பது தவறு. இதய நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பு, நீர் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வெயிலில் உழைத்தவர் பிதற்றினாலோ, மயங்கினாலோ, உடல் கொதித்தும் வியர்க்காதிருந்தாலோ உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

2009இல் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் சிறப்பு அனுமதியில் நுழைந்து, மோயாவையும் ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதியாட்டம் வரை சென்றார். அரையிறுதியில் அவரை எதிர்க்க வேண்டிய ஜெர்மானியர் ரெய்னர் ஷூட்லர், மணிக்கட்டுக் காயத்தால் ஆடாமலே விலகிக்கொண்டார். அந்த விலகலை எவரும் கோழைத்தனம் எனக் கருதவில்லை. நம்மில் வலியை மறைத்து வேலைக்குச் செல்வதைப் பெருமையாக எண்ணுவோர் அதிகம். இறுதியாட்டத்தில் மாரின் சிலிச் 6-4, 7-6 என வென்றார்.

எல்லாக் காயங்களும் ஆறிவிடுவதில்லை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சென்னை இறுதியாட்டத்தில் ஆடி, 2003இல் பட்டமும் பெற்ற பாரடோர்ன், வென்றபின் நான்கு திசையும் திரும்பிக் கைகூப்பி வணங்குவார். ரசிகர்கள் அதற்காகவே அவரை நேசித்தனர். 2007இல் மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்கு உள்ளானபின் அவரால் பழைய ஆட்டத்துக்குத் திரும்ப இயலவில்லை. 2010இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இரு கைகளும் முறிந்தன. அவ்வாண்டே ஓய்வை அறிவித்தார்.

சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முழங்கால் எலும்புகளில் அழுத்த முறிவு ஏற்பட்டு, இளமையின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2019இல் அவர் உலகின் 75ஆம் இடத்தை எட்டியபோது வயது 29. எலும்பு முறிவுக்குப்பின் வலி குறைந்ததும் பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். கட்டுப் பிரித்த நாளில் சிகிச்சை முடிவதில்லை; வலுவிழந்த தசைக்கு அன்றுதான் வேலை தொடங்குகிறது.

2018இல் போட்டி புனேவுக்குப் பெயர்ந்தது. அதற்குச் சற்றுக் கீழ்ப்படியிலுள்ள சேலஞ்சர் நிலைப் போட்டிகள் நுங்கம்பாக்கத்தில் இப்போது நடைபெறுகின்றன. அங்கே 2024 பிப்ரவரியில் ஆடிய சுமித் நாகல், 2021இல் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தரவரிசையில் வெகுவாகச் சரிந்து, கையிருப்பும் கரைந்து, சிறு சிறு போட்டிகளிலிருந்து மீண்டும் ஏறி வந்தவர். பிப்ரவரி 11 அன்று இறுதியாட்டத்தில் இத்தாலியின் லூக்கா நார்டியை 6-1, 6-4 என வென்றார். அந்த வாரம் முழுவதும் ஒரு செட்டையும் அவர் இழக்கவில்லை. மறுநாள் வெளியான உலகத் தரவரிசையில் அவர் பெயர் 98ஆம் இடத்தில் இருந்தது.