மறக்கப்போகும் நேரம் பார்த்து ஒரு கேள்வி

தானாகப் படிக்கிறவர்களுக்கு இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. யூடியூபைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. படித்தது மனதில் ஏறிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லாததுதான் சிக்கல். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் தீர்ப்பை நம்பவே முடியாது.

ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற உளவியலாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகு, சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். வேறு சிலர் படிப்பதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பத் தேர்வு மட்டும் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 36 சதவீதம்; தேர்வெழுதியவர்களுக்கு 80. ஆனால், எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்னதாகக் கேட்டபோது எல்லோருமே ஏறக்குறைய பாதி என்றுதான் சொல்லியிருந்தார்கள்!

எப்போது தேர்வு வைத்துக்கொள்வது என்பது அடுத்த கேள்வி. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, மறதி முதல் நாளிலேயே மளமளவென்று நடந்து பிறகு நிதானப்படுவதை 1885-இல் எழுதிவைத்தார். மறக்கும் தறுவாயில் ஒருமுறை நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும். போலந்துக்காரர் பியோத்தர் வோஸ்னியாக் இதை 1987-இல் கணினி நிரலாக்கினார். ‘சூப்பர்மெமோ’ என்று பெயர். 2006-இல் வந்த ‘அன்கி’ அந்த வழியில் பிறந்ததுதான். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம்.

வோஸ்னியாக்கின் கணக்கு எளிது. திரையில் கேள்வி வருகிறது, மனதுக்குள் பதில் சொல்கிறோம், பிறகு விடையைத் திறந்து பார்த்து நமக்கு நாமே மதிப்பெண் போடுகிறோம். சரி என்றால் அதே கேள்வி 1 நாளில் வரும். அடுத்து 6 நாளில், அப்புறம் ஒவ்வொரு முறையும் இடைவெளி 2.5 மடங்கு: 15 நாள், 38 நாள். தடுமாறினால் இந்த மடங்கு குறையும். மறந்துவிட்டால் மறுபடி 1-இலிருந்து.

அட்டவணை போடும் வேலை நம் கையை விட்டுப் போவதுதான் இதில் பெரிய லாபம். பிடிக்காத பாடத்தைத் தள்ளிப்போடவும், தெரிந்ததையே சுகமாகப் புரட்டவும் வழியில்லை. (ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் நூற்றுக்கணக்கில் கேள்விகள் குவிந்திருக்கும், பலர் அந்த இடத்தில்தான் செயலியையே நீக்கிவிடுகிறார்கள்.)

புரியாத பாடத்தை இது புரியவைக்காது. பிறர் தயாரித்த கேள்வி-விடை அட்டைத் தொகுப்புகளை அப்படியே இறக்கிக்கொள்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடத்தைக் கேள்வியாக உடைக்கும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது. ‘ஒளிச்சேர்க்கையை விளக்குக’ என்று ஓர் அட்டை எழுதினால் வீண். ‘இலைத்துளை வழியே உள்ளே போகும் வாயு எது?’, ‘வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா?’ என்று இரண்டாக எழுத வேண்டும். இரண்டாவதற்குப் பலர் தவறாகச் சொல்வார்கள். விடை, நீர்.