பத்து மீட்டர் ஊகம்

சென்னைக்காரர்கள் பல காலம் கார் பந்தயம் பார்க்கப் போன இரண்டு இடங்களும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தவை. ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரம். மற்றொன்று, 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். 1997இல் மாவட்டம் பிரிந்ததில் சோழவரம் திருவள்ளூருக்கும் இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரத்துக்கும் போயின. 2019இல் தனி மாவட்டமான இன்றைய செங்கல்பட்டிடம் இருப்பது கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ஈ.சி.ஆர். அதில் பந்தயம் விட்டால் போலீஸ் பிடிக்கும்; பிடிக்கவும் வேண்டும்.

மறைமலைநகர், கேளம்பாக்கம், மாமல்லபுரம் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் ஞாயிறு இரவு பந்தயம் விட வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே விடலாம். கணினி, ஸ்டியரிங், பெடல், இணையம், இத்தனையோடு ஒரு ரேசிங் சிமுலேட்டரும் வேண்டும். எந்த சிமுலேட்டர் என்பதில்தான் இப்படித் தொடங்கும் நண்பர்கள் லீக்குகள் உடைகின்றன.

சிமுலேட்டரைச் சாதாரண கார் விளையாட்டிலிருந்து பிரிப்பது டயர். ஓடும் காரில் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் உள்ளங்கை அளவு ரப்பர்தான். லேசாக வழுக்கும்போதுதான் அந்த ரப்பர் அதிகமாகப் பிடிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பிடி குறைந்து கார் சுழலும். சூடு ஏறினால், காற்றழுத்தம் மாறினால், அந்த எல்லையும் நகரும். நல்ல சிமுலேட்டர் இந்தக் கணக்கை நொடிக்கு 300, 400 தடவை போட்டு, ஸ்டியரிங்கில் இருக்கும் மோட்டார் வழியாகக் கைக்கு அனுப்புகிறது. நிஜக் காரில் முதுகும் இடுப்பும் உணர்வதை இங்கே கை மட்டும் உணர வேண்டும். அதனால்தான் ஸ்டியரிங்குக்குச் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை முதலில் பிரேக் பெடலில் போட வேண்டும். மிதித்த தூரத்தை அளக்காமல் அழுத்தத்தை அளக்கும் பெடல் கிடைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவில் பிரேக் பிடிக்கக் கால் பழகிக்கொள்ளும்.

ஆனால் தனியாக ஓட்டும்போது பிரமாதமாக இருக்கும் சிமுலேட்டர், இருபது பேர் சேர்ந்து ஓட்டும்போது சொதப்பலாம். ஏனென்றால் இருபது பேரும் ஒரே பந்தயத்தில் இல்லை. அவரவர் கணினியில் ஓடும் இருபது பந்தயங்களில் இருக்கிறார்கள். உங்கள் காரின் இயக்கத்தை உங்கள் கணினி கணக்கிட்டு சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை மற்றவர்களுக்கு அனுப்பும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது. சர்வர் ஐரோப்பாவில் இருந்து, போய்த் திரும்பும் நேரமான பிங் எல்லோருக்கும் 150 மில்லி விநாடி என்றால், உங்கள் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி நண்பருக்குக் கிடைப்பதற்குள் அது பத்து மீட்டர் தாண்டியிருக்கும். இரண்டு கார்களின் நீளத்துக்கும் அதிகம்.

அந்த இடைவெளியைக் கணினி ஊகத்தால் நிரப்புகிறது. ஓ.எம்.ஆர். சாலையைக் கடக்கும்போது, வருகிற பஸ் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று நாம் கணிக்கிறோமே, அந்த மாதிரி. நேர்ச்சாலையில் இந்த ஊகம் பலிக்கும். வளைவுக்கு முன் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பொய்க்கும்: உங்கள் திரையில் அவர் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று பின்னால் குதிக்கும், நீங்கள் இடிப்பீர்கள். அவர் திரையில் இடித்தது நீங்கள். உங்கள் திரையில் நீங்கள் நிரபராதி. இருவர் சொல்வதும் உண்மைதான்.

இந்தத் தாமதத்தை எந்த நிறுவனத்தாலும் ஒழிக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் போகும், ஃபிராங்க்ஃபர்ட் இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 7,500 கி.மீ.க்கு மேல். சர்வரைப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் வழி. மைக்ரோசாஃப்ட் 2015இலிருந்து சென்னையிலும், அமேசான் 2016இலிருந்து மும்பையிலும் சர்வர் வாடகைக்கு விடுகின்றன. பிங் 30 மில்லி விநாடிக்கு இறங்கினால் ஊகம் இரண்டு மீட்டருக்குச் சுருங்கும்.

ஆகவே, எந்த சிமுலேட்டரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, சர்வரை நாமே நம் ஊரில் நடத்தலாமா என்பதைத்தான். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சாவில் முடியும். அதே நிறுவனத்தின் 2019 வெளியீடான அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனேயிலும் முடியும். ஆனால் அதில் ஜி.டி. வகைக் கார்கள்தான், அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். 2008இல் வந்த ஐரேசிங்கில் பந்தயங்கள் அவர்கள் சர்வரில்தான் நடக்கும். சந்தா ஒரு பக்கம், பல தடங்களுக்கும் கார்களுக்கும் தனி விலை ஒரு பக்கம். அறிமுகமில்லாதவர்களோடு ஓட்ட அதற்கு இணை இல்லை; முட்டி மோதுகிறவர்களைத் தரம் பிரித்து ஒதுக்கிவிடும். நண்பர்கள் லீகுக்கு அந்த வசதி எதற்கு?

பெரிய பெயரும் பெரிய பணமும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் ஆர்ஃபேக்டர் 2 சிமுலேட்டரில் நடந்த லெ மான் மெய்நிகர் 24 மணி நேரப் பந்தயத்தில் சர்வர் கோளாறு இரண்டு தடவை பந்தயத்தையே நிறுத்தியது. முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பெனின் காரும் தொடர்பு அறுந்து பின்தங்கியது. அப்போதைய எஃப்1 உலக சாம்பியனான அவர் கொதித்துப் போனார்.

முதல் சீசனுக்கு நான் பழைய அசெட்டோ கோர்சாவையே சொல்வேன். சாதாரண கணினியிலும் ஓடும். குழுவில் யாருடைய கணினி மிகப் பழையதோ அதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். ரசிகர்கள் தாங்களே தடங்களை வரைந்து சேர்க்கவும் அது இடம் கொடுக்கிறது. டெல்லி அருகே உள்ள புத் சர்க்யூட், எஃப்1 2011 போன்ற அதிகாரபூர்வ விளையாட்டுகளில் வந்துவிட்டது, 3.7 கி.மீ. நீள இருங்காட்டுக்கோட்டையை வீட்டிலிருந்து ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கோ இத்தகைய ரசிகர் வேலைதான் கதி. 2025 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த அசெட்டோ கோர்சா ஈவோ அழகாக இருக்கிறது. அது முழுதாகத் தேறும்வரை லீகை அதில் இறக்க வேண்டியதில்லை.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு ராத்திரி எல்லோரும் சோதனைப் பந்தயம் விட்டு, யாருடைய பிங் எகிறிக் குதிக்கிறது என்று பாருங்கள். சீராக இருக்கும் 60, 20க்கும் 90க்கும் நடுவே ஆடுவதைவிட மேல். பெரும்பாலும் குற்றவாளி வைஃபை. லேன் கேபிள் போட்டாலே பாதி சரியாகும். மோதல் புகாரை விசாரிக்க இரண்டு தரப்பின் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். ஐப்பசி மழையில் பந்தயத்தின் நடுவே கரண்ட் போனவர் மறுபடி சேரலாமா, எத்தனை புள்ளி என்பதையும் முதல் பந்தயத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்; முன்னிலையில் இருந்தவருக்குக் கரண்ட் போன பிறகு அந்த விதியை எழுத முடியாது.