கொடிக்கம்பியில் தேன்சிட்டுக் கூடு... ஒரு மாதம் பொறுக்கலாமா?

காலை ஏழு மணி. ஓர் அடுப்பில் இட்லி, இன்னொன்றில் சாம்பார். பள்ளி வேன் வர இருபது நிமிடம்தான் இருக்கிறது. துணி காயப்போட வீட்டின் பின்புறம் வந்தால், கொடிக்கம்பியில் சிலந்தி நூலும் சருகுமாக ஒரு சின்னப் பை தொங்குகிறது. குப்பை என்று பிடுங்கப் போகும்போது, உள்ளேயிருந்து ஒரு வளைந்த அலகு எட்டிப் பார்க்கிறது. தேன்சிட்டு!

மதுக்கரை வட்டாரத்தில் மரமும் செடியும் உள்ள வீடுகளுக்கு இப்படிப்பட்ட விருந்தாளிகள் புதிதல்ல. செம்பருத்தியில் கொண்டைக்குருவி கிண்ணம்போல் கூடு கட்டும். அகன்ற இலையைச் சுருட்டி, நாரால் தைத்து அதற்குள் குடியேறும் தையல்சிட்டு. பரபரப்பான நாளில் இவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

ஓர் ஊரே இருட்டில் இருந்தது

2020 ஜூலையில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமம் செய்திகளில் அடிபட்டது. தெருவிளக்குகளின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. சுமார் 100 வீடுகள் உள்ள ஊர். ‘ஒரு குருவிக்காகவா?’ என்று சிலர் முணுமுணுத்தாலும், பேசி முடிவெடுத்தார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், தெருவிளக்கு போடவே இல்லை.

அந்த ஒரு மாதம்தான் கணக்கு. கொண்டைக்குருவி இரண்டு, மூன்று முட்டையிடும். சுமார் இரண்டு வாரம் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்துக்குள் கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். தேன்சிட்டுக்குச் சில நாள் கூடுதலாகும். அதுவரை துணியை வேறு இடத்தில் காயப்போட்டால் போதும்.

என்ன செய்யலாம்?

* ஜன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். காபி குடிக்கும் ஐந்து நிமிடம் போதும். அடிக்கடி கூட்டருகே போனால், காகமும் பூனையும் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

* செல்போனைக் கூட்டுக்குள் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

* கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டாதீர்கள். வெயிலுக்கும் எதிரிகளுக்கும் அந்த இலைகள்தான் திரை.

* செடிகளுக்குப் பூச்சிமருந்து வேண்டாம். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சி, சிலந்திகளைத்தான் ஊட்டும்.

* பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது கொடிக்கம்பி ஊஞ்சலாடும். கூட்டைத் தொடாமல் கம்பியை மட்டும் இழுத்துக் கட்டி ஆட்டத்தைக் குறைக்கலாம்.

* மின்விசிறி, சுவிட்ச் பெட்டி அருகே கூடு இருந்தால், சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, ‘போடாதீர்கள்’ என்று எழுதிவையுங்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கும் தெரியும்.

குஞ்சு கீழே விழுந்தால்?

இறகு முளைக்காத குஞ்சு என்றால், மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. கூடு பிய்ந்திருந்தால், அடியில் ஓட்டை உள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லை வைத்து, குஞ்சை அதில் விட்டு அதே இடத்தில் கட்டுங்கள். விலகி நின்றால் தாய் தேடி வரும்.

இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகும் குஞ்சை ‘அநாதை’ என்று வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் அருகிலேயே இருக்கும். பூனை வராமல் பார்த்துக்கொண்டு, பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டால் போதும். பாலோ சோறோ புகட்ட வேண்டாம்.

சட்டமும் துணை நிற்கிறது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலில் உள்ள காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது.

குழந்தைகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். கூட்டைப் பார்த்த தேதி, தாய் இரை கொண்டுவந்த நேரம், முதல் குஞ்சு பறந்த நாள் என்று எழுதட்டும். ஒரு நாள் காலையில் கூடு காலியாக இருக்கும். சில நாள் பார்த்து, தாய்ப்பறவை திரும்பவில்லை என்று உறுதியான பிறகு, கொடிக்கம்பியில் மறுபடி துணியைப் போடலாம்.